எந்த நாட்டுச் சட்டை

ஐப்பசி, செவ்வாய் இரவு

குன்னூர் பங்களாவில் கர்னல் ஐயா மேசையில் வைத்துப் போர் விளையாடும் ஈயச் சிப்பாய்ப் பொம்மைகளுக்குத் தோட்டக்காரர் செல்லையாதான் வர்ணம் அடிக்கிறார். பட்டாளத்து உடுப்புப் படப் புத்தகத்தைப் பார்த்து, பொத்தான் நிறம்கூட மாறாமல் அடிப்பார். இன்று சமையல்கட்டில் மற்ற வேலைக்காரர்கள் எல்லோர் முன்னாலும் அவரைக் கேலி செய்தேன்.

"ஏனுங்க, இந்தப் புத்தகத்துல ஒவ்வொரு நாட்டு உடுப்புக்கும் ஒரு பக்கம் இருக்குது. சிலோன்ல இருந்து வந்த உங்களுக்கு எந்தப் பக்கமுங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் நிஜமாகவே கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பார்த்தார்.

"நமக்கு ஒன்னும் போடலியே அக்கா. என் சம்சாரத்துக்கும் இந்தியா வர இன்னும் குடியுரிமைக் கடதாசி வரல, அவ சிலோன்லயே கெடக்கா."

அது எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் வாயை விட்டேன்.

போகும்போது, "மூஞ்சிய ஏன் தொங்கப் போட்டிருக்கீங்க அக்கா, சும்மா சிரிங்க" என்று அவரே என்னைத் தேற்றினார். அதுதான் தூங்கவிட மாட்டேன் என்கிறது.