இருபத்தாறு முகங்கள்

சிதம்பரம்,
5.6.2011

அன்புள்ள அப்பாவுக்கு,

எழிலரசி எழுதுவது. போனில் என் குரல் கேட்டாலே வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படிப் பட்டென்று வைக்க முடியாதே!

ஆமாம், பேங்க் கோச்சிங்கை விட்டுவிட்டேன். மேல வீதி ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனர் வேலை. யார் சொல்லிக்கொடுத்தது என்று அம்மாவிடம் குதித்தீர்களாம். யாருமில்லை. சாப்பாட்டு நேரத்தில் கடை கம்ப்யூட்டரில் யூடியூப் போட்டுக் கற்கிறேன். வெள்ளைக்காரர் ஒருவர் பேசுகிற இங்கிலீஷ் பாதி புரியாது. மௌஸ் எங்கே போகிறது என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்து நானும் செய்கிறேன். நேற்று ஒன்று முழுசாகப் புரிந்தது: வேலையைத் தொடங்கும் முன் இது யாருக்கு என்று கேட்க வேண்டுமாம்.

திட்டுவதானால் ஆசை தீரத் திட்டி எழுதுங்கள். வேலையை விட மாட்டேன்.

உங்கள் மகள்,
எழிலரசி


குடிகாடு, கடலூர்
14.6.2011

எழிலுக்கு,

பி.காம். படிக்க வைத்தது தெருவில் தொங்குகிற பேனர் அடிக்கவா? கம்பெனியில், "பொண்ணு பேங்க்ல சேந்துட்டாளா?" என்று தினம் ஒருத்தன் கேட்கிறான். டிவியைப் பார்த்து நீச்சல் கற்றவன் எவனாவது உண்டா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் அத்தை மகள் மலர்க்கொடி வயதுக்கு வந்திருக்கிறாள். ஜூலை மூன்று, ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் நீராட்டு. மண்டப வாசலுக்கு இருபதடி பேனர் வேண்டும். நீயே செய். சொந்தக்காரர்கள் படம் இருபத்தாறு, மலர்க்கொடி படம் ஒன்று கவரில் இருக்கிறது. தாய்மாமன் நான், என் படம் பெரிசாக இருக்கட்டும்.

ஊர் மெச்சினால் அந்தக் கடையிலேயே இரு. இல்லையா, மறுநாளே பெட்டியோடு வந்து கோச்சிங்கில் உட்கார வேண்டும்.

சுப்புராயன்


குடிகாடு
4.7.2011

எழிலரசி,

அடிப்பாவி! சபையில் என் மானத்தை வாங்கிவிட்டாயே.

சனிக்கிழமை காலையே பேனரைக் கட்டினோம். "யாருப்பா செஞ்சது, சூப்பரா இருக்குதே" என்று ஒரே பேச்சு. ஆளாளுக்குத் தன் மூஞ்சியைத் தேடிப் பார்த்து, அதன் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நானும்தான். ஞாயிறு சாயங்காலம் உன் அத்தை வீட்டுக்காரர் தில்லைநாதன் மச்சான் திடீரென்று கத்தினார்: "எங்க எம்பொண்ணு? யாரு விசேஷம்யா இது?"

இருபத்தாறு முகமும் இருந்தது. நடுவில் வெறும் மஞ்சள். மலர்க்கொடி இல்லை.

விசேஷத்துக்கு உரியவளையே மறந்த நீ டிசைனரா? மச்சான் மன்னிப்புக் கடிதம் கேட்கிறார். எழுதி எடுத்துக்கொண்டு பெட்டியோடு வந்து சேர்.

சுப்புராயன்


சிதம்பரம்,
8.7.2011

அன்புள்ள அப்பாவுக்கு,

மறக்கவில்லை. வேண்டுமென்றே விட்டேன்.

மலர்க்கொடி கடைக்குப் போன் செய்தாள். "அக்கா, எம்படம் வெக்காதக்கா. ஸ்கூல் பஸ்ஸு அந்த வழியாத்தான் போவுது. பசங்க சிரிப்பாங்க. வீட்ல சொன்னா யாரும் கேக்க மாட்டேங்கறாங்க" என்று அழுதாள். பேனர் உங்களுடையது. முகம் அவளுடையது. யார் பேச்சை நான் கேட்க?

ஊர் மெச்சியதா இல்லையா, நீங்களே சொல்லுங்கள். இரண்டு நாள் அத்தனை பேர் பார்த்தும் அவள் இல்லாதது ஒருவர் கண்ணிலும் படவில்லை. நீங்கள்கூடப் பார்க்கவில்லை அப்பா. எனக்கு அதுதான் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

உங்களிடம் முன்னாலேயே சொல்லியிருக்கலாம். வேண்டாம் என்பீர்கள் என்று மறைத்தேன். அது ஒன்றுதான் என் தப்பு. மன்னிப்பு எழுத மாட்டேன். வரவும் மாட்டேன். கதவைச் சாத்துவதானால் சாத்துங்கள்.

எழிலரசி


குடிகாடு
20.7.2011

எழிலுக்கு,

ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டுக்குப் போய் மலர்க்கொடியைக் கேட்டேன். கதவுக்குப் பின்னால் நின்றபடி, "ஆமா மாமா, நாந்தான் சொன்னேன்" என்றாள். மச்சான் அவளை அடிக்க எழுந்தார். "அவ மேல கைய வெச்சிங்க, நடக்கறதே வேற மச்சான்" என்றேன்.

கடிதம் எங்கே என்றார். "எம்பொண்ணு எழுத மாட்டா. நானும் எழுத மாட்டேன்" என்று சொல்லி, போட்ட இலையில் கை வைக்காமல் வந்துவிட்டேன். உன் அத்தை நடுவில் நின்று அழுதாள். என் கூடப்பிறந்தவள் அழுதது வருத்தமாகத்தான் இருக்கிறது.

கோச்சிங் சென்டரில் உன் பெயரை அடித்துவிடச் சொன்னேன்.

என் கோபம் தீரவில்லை. இனி இப்படி எதையாவது செய்வதற்கு முன் என்னிடம் சொல். வேண்டாம் என்றுதான் சொல்வேன். இருந்தாலும் சொல்.

அப்பா