சபையில் வாசிக்காத கடிதம்

டெடாம், 1648 அக்டோபர்

அன்புள்ள மகன் யாபேஸுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய தயவால் நானும் அப்பாவும் நலம். கடலுக்கு அப்பால் நீயும் மருமகளும் புதிதாய்ப் பிறந்த பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் ஜெபம். மழை தொடங்கியதும் அப்பாவுக்கு முழங்கால் வலி வந்துவிட்டது, ராஜாவுக்கும் பாராளுமன்றத்துக்கும் நடந்த போரில் துணி வாங்க ஆளில்லாமல் தறியும் பாதி நாள் சும்மா கிடக்கிறது. உன் கடிதம் கிடைத்தது. அந்தத் தேசத்துப் பூர்வகுடிகளான பீக்குவாட் மக்களின் கோட்டை எரிந்த அதே மேட்டில் உனக்கு நிலம் ஒதுக்கியிருப்பதாகவும், இதைச் சபையில் வாசித்து ஒரு நன்றிநாள் வைக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறாய். நான் வாசிக்கவில்லை. காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உனக்குத் தெரிய வேண்டும்.

பதினோரு வருடத்துக்கு முன், அந்தக் கோட்டைக்கு நீயும் உன்னோடு இருந்த படையும் தீ வைத்ததையும், ஓடி வந்த பெண்களையும் பிள்ளைகளையும் திரும்ப நெருப்புக்குள் தள்ளியதையும் எழுதியிருந்தாயே, அதை நம் வீட்டுக் கூட்டத்தில் உரக்க வாசித்தவள் நான்தான். அந்த வரியில் என் குரல் தடுமாறவில்லை. அன்று நன்றிநாள் வைத்தோம், சங்கீதத்தையும் நானே தொடங்கினேன்.

இந்தக் கோடையில் பாராளுமன்றத்துக்காகப் போரிடும் நம் படை பக்கத்து நகரமான கோல்செஸ்டரை முற்றுகையிட்டபோது உன் தம்பி ஏனோஸ் அங்கே காவலில் இருந்தான். ஆகஸ்டில் ஒரு நாள் அவனுக்கு ரொட்டி கொண்டுபோனேன். உள்ளே குதிரையும் நாயும்கூடத் தின்று தீர்ந்துவிட்டதால் நகரத்தைப் பிடித்து வைத்திருந்த ராஜாவின் ஆட்கள் பெண்களை வெளியே அனுப்பிவிட்டார்கள், நம் ஆட்கள் அவர்கள் தலைக்கு மேலே சுட்டு, திரும்ப உள்ளே விரட்டினார்கள். முன்னால் வந்தவள் நமக்கு நூல் நூற்றுத் தந்த ஜோன். என்னைப் பார்த்து, ஏம்மா, ரொட்டி வாசனை வருதே, அதுவும் சபைக்காரங்களுக்கு மட்டுந்தானா என்று கேட்டாள். நான் கூடைத் துணியை இழுத்து மூடினேன். ஏனோஸ் துப்பாக்கிக் கட்டையால் அவளைத் தள்ளினான். என்னடா இது என்றேன். அண்ணன் பண்ணினதைத்தானே நானும் பண்றேன், அன்னைக்குப் பாட்டுப் பாடினியேம்மா, இன்னைக்கு மட்டும் என்ன வந்துச்சு என்றான். நகரம் திறந்ததும் ஜோனைத் தேடிப் போனேன். அவள் தெருவில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

அந்த மேடு வேண்டாம், யாபேஸ். வேறு இடம் கேள், கிடைக்காவிட்டால் கூலிக்கு உழு. நீ செய்தது பெரிது, நான் பாடியது சிறிது என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன், முடியவில்லை.

உனக்கும் மருமகளுக்கும் பிள்ளைக்கும் என் ஆசீர்வாதம் உண்டு. அந்த நிலத்துக்கு என்னிடம் இல்லை. அடுத்த கப்பலில் மறக்காமல் பிள்ளையின் பெயரை எழுது. நிலத்தின் நீள அகலமெல்லாம் எழுதிய நீ அதை விட்டுவிட்டாய்.

உன் தாய்,
பிரிசில்லா