பக்கத்துக்கு ஒரு சாண்

20-6-63, வியாழன்

விடியும்போதே சாரல். விறகு நனைந்து காப்பி தாமதம். இடுப்பு வலி குறையவில்லை, வலது பக்கம் காலில் இறங்குகிறது. நாற்பத்தெட்டு வயதுக்கு இது அதிகம்.

ரைஸ் மில் வாசலில் நிற்கும் டிராக்டரில் மறுபடி டீசல் உறிஞ்சியிருக்கிறான் எவனோ. போன தடவை டீசல் மட்டும். இந்தத் தடவை ஸ்பேனர் பெட்டியும் போச்சு. பேட்டரி ஒயரையும் அறுக்கப் பார்த்திருக்கிறான். பட்டாளத்தில் பதினெட்டு வருஷம் வண்டிக்குக் காவல் நின்றேன். சொந்த வண்டிக்குக் காவல் இல்லை.

வீட்டுக்குள் கொண்டுவர முடியாது. சந்து குறுகல். ஒரு மாட்டு வண்டியும் பக்கத்தில் ஓர் ஆளும் போகிற அகலம்தான் பாகம் பிரித்தபோது விட்டது. பின் சக்கரம் இரண்டும் இப்போது அகல வைப்பில் இருக்கின்றன. சக்கரத்தை உள் முகம் வெளியே வரும்படி திருப்பி மாட்டினால் பக்கத்துக்கு ஒரு சாண் உள்ளே வரும். சந்தில் நுழையும்.

வீட்டுக்காரி சரசு வேறு வழி சொல்கிறாள். சந்து முனையில் அண்ணனின் லாரி ஷெட். சுற்றிலும் வேலி போட்ட முற்றம், பூட்டு உண்டு. ஒரு மூலை கேட்டால் என்ன என்கிறாள்.

"அவியகிட்ட போயி ஒரு வார்த்தை கேட்டா வாயிலேந்து முத்தா உதிந்துரும்?"

கேட்க மாட்டேன். பங்கு பிரித்த அன்று நாலு பேர் முன்னால் 'பட்டாளத்துல சுத்திட்டு வந்து பங்கு கேக்கான்' என்றார். அப்பாவைக் கடைசிவரை பார்த்தது அவர்தான், அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் அந்தச் சொல். அதிலிருந்து பேச்சு இல்லை. என் வீட்டு மாப்பிள்ளையைக் கண்டால் மட்டும் 'வாங்க மாப்பிள' என்பாராம். மாப்பிள்ளைக்குச் சண்டை கிடையாதே.

21-6, வெள்ளி

சக்கரம் திருப்பியாயிற்று. நானும் மாப்பிள்ளையும். மகள் வள்ளி பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், ஏழு மாதம். என் இடுப்பைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளையும் கடையத்திலிருந்து வந்து உழவுக்கு உட்காருகிறார். நல்ல பையன். வாய் திறந்து பேசினால்தான் என்ன.

ஜாக்கி ஒன்றுதான். இடது பக்கம் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, அதே பக்கமே திருப்பி மாட்டினோம். பிறகு வலது பக்கம். ஒவ்வொன்றும் எருமைக் கன்று கனம். மழையில் நட்டு வழுக்குகிறது. நடுவில் மாப்பிள்ளை, "மாமா, இதை அந்தப் பக்கமும் அதை இந்தப் பக்கமும் மாத்திப் போடணுமோ?" என்றார். அதற்கு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தூக்கி நிற்க வேண்டும். இருப்பது ஒரு ஜாக்கி. உருண்டை எந்தப் பக்கம் இருந்தாலும் உருண்டைதான் என்றேன். கொஞ்சம் சுள்ளென்றுதான் சொன்னேன்.

ஆனாலும் சந்தேகம். டயரில் அம்புக்குறி மாதிரி ரப்பர் கட்டைகள் உண்டல்லவா. வண்டியைப் பத்தடி ஓட்டிவிட்டு இறங்கி மண்ணில் தடத்தைப் பார்த்தேன். அம்பு முன்னால் பார்த்துத்தான் பதிந்திருந்தது, போகிற திசைக்கு. சரிதான் என்று மனது ஆறிற்று.

சந்தில் நுழைந்தது. இரு பக்கமும் நாலு விரல் மிச்சம். அண்ணன் வீட்டு வாசலில் மதினி நின்று பார்த்தார்கள். அண்ணன் கண்ணாடி பார்த்துச் சவரம் செய்துகொண்டிருந்தார், திரும்பவில்லை.

ராத்திரி நன்றாகத் தூங்கலாம்.

24-6, திங்கள்

மேலகரத்தில் தொழி உழவு, நடவுக்குச் சேறு கலக்குகிற உழவு. நாசம்.

வண்டி நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. டயர் கட்டைகளுக்குள் சேறு அப்பி, கட்டையே தெரியவில்லை, வழவழவென்று உருளை மாதிரி. போன மாதம் இதே மாதிரி வயலில் சர்ரென்று போனது. வரப்பில் மாட்டு ஏர்க்காரர்கள் நின்று பார்த்தார்கள். ஒருவர், அண்ணாச்சி ரெண்டு சோடி மாடு கெட்டி இழுப்பமா என்று மரியாதையாகவே கேட்டார். அந்த மரியாதைதான் தாங்கவில்லை.

கோபம் மாப்பிள்ளை மேல் போயிற்று. கிளட்சை அப்படி விட்டால் வழுக்காமல் என்ன செய்யும், ஓட்டத் தெரிந்தால் ஓட்டுங்கள், இல்லாவிட்டால் இறங்குங்கள் என்று அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டேன். அவர் இறங்கிக் கம்பியால் சேற்றைத் தோண்டினார்.

பாதி வயல்தான் முடிந்தது. சாயங்காலம் வள்ளி எனக்குச் சோறு வைத்தாள், முகம் பார்க்கவில்லை. யார் சொன்னார்களோ.

27-6, வியாழன்

வாங்க வேண்டியது: ஸ்பேனர் (பெரிசு), கிரீஸ், வள்ளிக்கு மாதுளை, தைலம், குடைக்கு ஒரு கம்பி.

காலையில் சந்து முனையில் மதினி பெருக்கிக்கொண்டே விளக்குமாற்றோடு பேசினார்கள், எனக்குக் கேட்கும்படி. முன்னாடியெல்லாம் வண்டி மில்லுக்குப் போகும்போது டயரு சுத்தமா போகும், இப்ப வயலையே அள்ளிட்டு வந்து வாசல்ல கொட்டுது என்று. கேட்காத மாதிரி வந்துவிட்டேன். டயரில் சேறு இருக்கத்தானே செய்யும்.

பழைய குற்றாலத்துப் பக்கம் மலையடியில் தோப்பு வைத்திருப்பவர் வந்தார். தோப்புக்கு மேலே கொல்லாமரம், முந்திரிதான், வெட்டிய சரிவு. ஈரம் இருக்கும்போதே உழுது கடலை போட வேண்டும், சனிக்கிழமை வாருங்கள் என்றார். மேலகரத்தில் அந்தக் கூத்துக்கப்புறம் கூப்பிடுகிற ஆள் இவர் ஒருவர்தான். சரி என்றேன்.

சரிவு. குறுகல் வைப்பில் சரிவு உழக்கூடாது. இது தெரியாத ஆள் இல்லை நான். சக்கரம் எவ்வளவு அகன்று நிற்கிறதோ அவ்வளவு கால் ஊன்றும். ஆனால் மறுபடி திருப்ப ஒரு முழுப் பகல். திருப்பினால் சந்தில் நுழையாது, மில் வாசலில் விட்டுக் களவு கொடுக்க வேண்டும். முடிந்ததும் மறுபடி திருப்ப வேண்டும். நினைத்தாலே இடுப்பு கழன்றுபோகிறது. மெதுவாகப் போனால் போதும்.

சரசு கேட்டாள், சரிவில் ஏறுவது நீங்களா அவரா என்று. என் இடுப்பில் எங்கே ஏறுவது, அவர்தான் என்றேன். கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு, "ஒங்க ரோசத்துக்கு எம் மவ தாலி அறுக்கணுமா?" என்றாள். அப்படிப் பேசாதே என்று கத்தினேன். உள் அறையில் வள்ளி இருமினாள். கேட்டிருப்பாள்.

29-6, சனி

 எழுதவே மனசில்லை. எழுதிவிடுகிறேன்.

மழை விட்டிருந்தது. அருவிச் சத்தம் அங்கே வரை. சீசன் கூட்டம் ரோட்டில் எண்ணெய்த் தலையோடு போய்க்கொண்டிருந்தது. சரிவில் இரண்டு சுற்று நன்றாகத்தான் போயிற்று. மூன்றாவது சுற்றில் ஈர மண்ணில் பின்பக்கம் கீழே வழுக்கியது. மாப்பிள்ளை மேலே பிடிக்கப் பார்த்தார், டயர் பிடிக்கவே இல்லை, சும்மா சுற்றியது. மேட்டுப் பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பிவிட்டது. கண்ணால் பார்த்தேன், சக்கரத்துக்குக் கீழே வெளிச்சம். குடையைப் பிடித்துக்கொண்டு கீழே நிற்கிறேன். 

வெட்டின கொல்லாமரத்து அடிக்கட்டையில் பள்ளத்துச் சக்கரம் போய் இடித்து நின்றது. அவ்வளவுதான். அந்தக் கட்டை இல்லாவிட்டால் தோப்பு வரைக்கும் உருண்டிருக்கும். எழும்பின சக்கரம் மெல்ல இறங்கி உட்கார்ந்தது. அவர் என்ஜினை நிறுத்தி, இறங்கி, ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார்.

தோப்புக்காரர் தண்ணீர் கொடுத்தார். மாப்பிள்ளை அதைக் குடித்துவிட்டுத்தான் பேசினார்.

"கோவப்படக் கூடாது மாமா. டயரு ரெண்டும் திசை மாறி இருக்கு. பெரிய மாமா திங்கக்கிழம சாயங்காலமே சொன்னாவ. வாசல்ல விழுந்த சேத்தப் பாத்துட்டு, டயரு சேத்த வெளிய தள்ளல, உள்ள இழுக்குன்னு. சரிவுக்குப் போறதா இருந்தா அகலமா மாட்டிட்டுப் போங்கன்னும் சொன்னாவ."

பின்னே ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அவியகிட்ட நான் பேசுதேன்னு தெரிஞ்சா நீங்க வருத்தப்படுவிய."

என் வருத்தத்துக்குப் பயந்து அந்தச் சரிவில் ஏறியிருக்கிறார். தெரிந்தே ஏறியிருக்கிறார். என்ன மனுஷன் நான்.

டிராக்டரைத் தோப்பிலேயே விட்டு, பஸ்ஸில் வந்தோம். வீட்டில் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. சரசு என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனாள். அதுவே கேட்ட மாதிரி.

30-6, ஞாயிறு

மழை. ஈரத் துணி நாற்றம் வீடெல்லாம்.

தடத்தில் அம்பு முன்னால்தானே பார்த்தது, அது எப்படித் தப்பு? மூளையைக் குடைந்தது. அரிசி மாவைக் கரைத்து, பால் மாவு டப்பாவின் வெளிப்புறத்தில் ஓர் அம்பு போட்டேன். அம்பு முனை முதலில் தரையில் படும்படி அடுப்பங்கரைத் தரையில் உருட்டினேன். பதிந்த அம்பு வந்த வழியைப் பார்க்கிறது, போகிற வழியை அல்ல. திருப்பி உருட்டினேன், வால் முதலில் படும்படி. இப்போது அம்பு முன்னால் பார்க்கிறது, நான் அன்று பார்த்துத் திருப்திப்பட்டது போலவே. முனை முதலில் பட்டால்தான் சேறு இரண்டு பக்கமும் ஒதுங்கும். வால் முதலில் பட்டால் நடுவில் சேரும், அப்பும். தடத்தைப் பார்த்தேன், டயரைப் பார்க்கவில்லை.

ஒரு சக்கரத்தை அதே பக்கம் திருப்பினால் அம்பும் திரும்பிவிடும். குறுகல் வைப்புக்கு இடது வலது மாற்றித்தான் போட்டிருக்க வேண்டும். மாப்பிள்ளை கேட்டார். கேட்டதற்கு அப்படி ஒரு பதில் சொன்னேன்.

தரையில் மாவைப் பார்த்துச் சரசு, கோலம் போடப் பழகுதியளோ என்றாள். சிரிப்பு வரவில்லை. அவளிடம் சொல்லிவிட்டேன், சரிவு, சக்கரம், எல்லாம். அழுதாள். பிறகு எழுந்து போய் மாப்பிள்ளைக்கு முட்டை வாங்கிவரச் சொன்னாள்.

பயமாக இருக்கிறது. நடந்தது நேற்று, பயம் இன்றைக்குத்தான் வருகிறது.

1-7, திங்கள்

தோப்பில் வைத்தே சக்கரம் மாற்றினோம். அந்தந்தப் பக்கமே பழையபடி திருப்பி, அகல வைப்பு; அகலத்துக்கு அம்பு அப்படித்தான் சரி. இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் முடிக்க மாப்பிள்ளை இரண்டாவது ஜாக்கி ஒன்று கொண்டுவந்தார். லாரி ஜாக்கி, சிவப்புப் பெயிண்ட். எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. முன் சக்கரத்துக்குக் கல் கொடுத்து, இரண்டு பக்கமும் தூக்கிக் கட்டை வைத்தபோது, பின் சக்கரம் இல்லாமல் வண்டி பரிதாபமாக இருந்தது.

மூன்று தடவை டயரைப் பார்த்தேன். டயரை.

உடம்பில் ஓர் இடம் பாக்கியில்லை வலிக்க.

2-7, செவ்வாய்

சரிவு முடிந்தது. இந்தத் தடவை நான் ஏறினேன். மாப்பிள்ளை வேண்டாம் என்றார், கேட்கவில்லை. வண்டி பூனை மாதிரி ஊன்றிப் போயிற்று. இடுப்பு செத்துவிட்டது, போகட்டும்.

சாயங்காலம் தென்காசி வந்து சந்து முனையில் நிறுத்தினோம். இதற்கு மேல் நுழையாது. அண்ணன் ஷெட் வாசல் பெஞ்சில் இருந்தார். செங்கோட்டையிலிருந்து மரம் ஏற்றி வந்த லாரி உள்ளே நின்றது. முடி நரைத்துவிட்டது அவருக்கு, கிட்டத்தில் பார்த்தால் அப்பா மாதிரியே.

என்னைப் பார்க்கவில்லை. "மாப்பிள, ஒங்க மாமனாருக்கு என்ன வேணுமாம்?" என்றார்.

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"நீங்களே கேளுங்க மாமா. நான் வள்ளியப் பாத்துட்டு வாரேன்."

போயே விட்டார். வாய் திறக்காத பையன்.

நின்றேன். பெஞ்சுக்கும் எனக்கும் நாலடி. 

"அண்ணே. முத்தத்துல ஒரு மூலை. ராத்திரிக்கு மட்டும்."

அவர் முற்றத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். முத்தத்தில் தண்ணி கெட்டி நிக்கும் என்றார், யாரையும் பார்க்காமல். எழுந்து உள்ளே போய்விட்டார். அவ்வளவுதான்.

சரி. கேட்டாயிற்று. இல்லை என்றாயிற்று. டிராக்டரை மில் வாசலில் விட்டுவிட்டு, டீசலை டின்னில் வடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சரசுவிடம் சொன்னேன். கேட்டியளா, நெசமா கேட்டியளா என்று இரண்டு தடவை கேட்டாள்.  கோபம் வருமென்று பார்த்தேன், அலுப்புத்தான் வருகிறது.

3-7, புதன்

பெரிய மழை. டீசல் டின்னோடு மில் வாசலுக்குப் போனேன், டிராக்டர் பத்திரம்.

ரோட்டோரம் அண்ணனின் லாரி நிற்கிறது, மரம் இறக்காமலே, தார்ப்பாய் போட்டுக் கட்டி, மழையில். ஷெட் காலி. கேட் இரண்டு பக்கமும் திறந்து கல் வைத்திருக்கிறது. மதினி ஷெட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள், இன்று விளக்குமாற்றோடு பேசவில்லை.

டீசல் ஊற்றி, ஸ்டார்ட் செய்து, திருப்பி, கேட் வரை கொண்டுவந்தேன். உள்ளேயிருந்து குரல்.

"ஏலே, டயருல சேத்தத் தட்டிட்டு உள்ள விடு."

டயரில் சேறு இல்லை. வருகிற வழியிலேயே எல்லாம் உதிர்ந்துவிட்டது. இறங்கி, கம்பியை எடுத்து, இரண்டு டயரையும் தட்டினேன்.