பென்சிலில் எழுதாத எண்

அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? என் பாப்பாவுக்குச் சளி விட்டதா?

நம் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஆற்றின் அணை எல்லைக்கு அந்தப் பக்கம்தானே? தினமும் காலையில் அங்கிருந்து ஒரு அம்மா எங்கள் ஆபீசுக்குப் போன் செய்து அணையின் நீர்மட்டம் சொல்வார், நான் எழுதிக்கொள்வேன். இரண்டு நாட்டுக்கும் ஆகாததால் எண்ணைத் தவிர எதுவும் பேசக் கூடாது. “நிச்சயம் முறிஞ்ச சம்பந்திங்க மாதிரி” என்று டைப்பிஸ்ட் அக்கா சிரிப்பார்.

அங்கே நான்கு நாளாக விடாத மழை. ஆனால் மூன்று நாளாக அதே எண்தான் வருகிறது. இன்று அந்த அம்மா உடனே போனை வைக்கவில்லை.

“எழுதிட்டியாம்மா?”

“எழுதிட்டேன்.”

“பென்சில்லதானே?” என்று கேட்டு வைத்துவிட்டார்.

பேனாவால்தான் எழுத வேண்டும் என்பது அவருக்கும் தெரியும். அழிக்க வேண்டிய பொய் எண் என்கிறார். அதிகாரியிடம் சொன்னேன். “எண் வந்துடுச்சுல்ல, அப்புறம் என்ன?” என்றார்.

பயப்பட ஒன்றுமில்லை. மேட்டுத் தெரு சித்தி வீட்டில் நாலு நாள் இருந்துவிட்டு வாருங்கள். பக்கத்து வீட்டாரையும் கூப்பிடுங்கள். பாப்பா போட்டுக் கழற்றிய கவுன் ஒன்றை, துவைக்காமல், இதைக் கொண்டுவரும் டிரைவர் அண்ணனிடம் கொடுத்துவிடுங்கள்.

அவர் ஹாரன் அடிக்கிறார். அம்மா, அடுப்பில் எது இருந்தாலும் அப்படியே இறக்கி வைத்துவிட்டு, பாப்பாவைத் தூக்கிக்கொண்டு இப்போதே கிளம்புங்கள்.

உங்கள் மகள்