கூண்டில் நின்ற சாவித்திரி

ராஜபாளையம்
17.11.1988

அன்புள்ள அத்தாவுக்கு, மகள் சௌதாவின் சலாம். நான் நலம். உங்கள் இருமல் குறைந்ததா?

நேற்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் குற்றவியல் நீதிமன்றம்போல நடிக்கச் சொன்னேன். குற்றம் சாட்டப்பட்டவராகக் கூண்டில் நிற்க யாரும் முன்வரவில்லை. சாவித்திரிதான் எழுந்தாள்.

“நான் நிக்கேன் டீச்சர். எங்கப்பா ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுல அப்படித்தான் நிக்காவ. தீர்ப்பு வாற வரைக்கும் அவிய குத்தவாளி இல்லதான?”

“இல்லம்மா” என்றேன், வகுப்பு முழுக்கக் கேட்கும்படி.

அந்த வழக்கு வந்ததிலிருந்து அவளோடு பேசாதிருந்த வஞ்சுளவல்லிதான் நீதிபதி. அவள் தன் நாற்காலியைத் தூக்கிவந்து கூண்டருகே போட்டாள்.

“ஏட்டி, உக்காரு” என்றாள்.

அத்தா, யாராவது இந்தப் பக்கம் வந்தால் என் பழைய போர்வையைக் கொடுத்துவிடுங்கள். கடையில் வாங்கியதில் நம் வீட்டு வாசம் இல்லை. இரண்டு வரியாவது எழுதுங்கள். தபால்காரர் பெட்டியைத் திறக்கிறார், ஓடுகிறேன்.

சௌதா