ஆற்றுத் திட்டின் குடிகளைக் கேளாமல் அணைக்கு முதற்கல் இடேன் என்று எழுதிய ஓலை

பகைவர் கண்டு வழிவிலகும் வேலும், பசித்தவர் கேளாமலே நுழையும் வாயிலும் உடையவராய்ச் செங்கவிர் நாடு முழுதும் காத்தருளும் கோமான் பெருநற்கோ அவர்கள் திருமுன்பு, நெடுவாரி ஆற்று அணைப்பணிக்கு நாயகமாக நியமிக்கப்பட்ட கற்குழியூர்க் கோடன் தலைவணங்கி எழுதும் ஓலை. கோயிலும் கொட்டாரமும் யானைக்கொட்டிலும் நலமுற்றிருக்க. மழை வேண்டிய பொழுது வேண்டிய அளவே பெய்க.

திருவோலை வந்தது; தலைமேல் வைத்துப் படித்தேன். முழுநிலவு நாளில் முதற்கல் இடவேண்டும் என்றும், இன்னும் தடை யாதென்றும் கேட்டருளினீர். தடை கல்லில் இல்லை, மண்ணில் இல்லை, ஆளிலும் இல்லை. கேட்கவேண்டியவரைக் கேளாமல் விட்டோம், அதுவே தடை.

நம் நாட்டு முறை தேவரீர் அறிவீர். பெரும்பணி தொடங்குமுன், அதனால் பெறுவோர் யார், இழப்போர் யார் என்று அறிய, ஊர்தோறும் எல்லைக்கல் அருகே முரசறைந்து குறையுடையோரை அழைப்பது வழக்கம். அவ்வாறே அறைந்தார்கள். மேல்மடைக் கிழார் எழினியார் வந்து, அணை வேண்டும், அதன் மதகைத் திறந்து மூடும் உரிமையும் தம் குடிக்கே வேண்டும் என்றார். கடைமடை உழவர் வந்து, அணை வேண்டும், ஆனால் மதகு கிழார் கைக்குப் போனால் தங்கள் வயலுக்கு நீர் போன ஈரம்கூட வந்து சேராது என்றனர். வேறு மறுப்பு எழவில்லை என்று அவை எழுதிக்கொண்டது.

ஆற்றின் நடுவே ஒரு மணல்திட்டு உண்டு; ஓடக்காரர் அங்கே குடியிருக்கின்றனர். வெள்ளந்தோறும் திட்டு இடம் மாறும். ஆதலால் அது எவ்வூருக்கும் சேர்ந்ததன்று. ஆதலால் அங்கே எல்லைக்கல் இல்லை. ஆதலால் முரசும் இல்லை. முறை பிசகாமல் நடந்தது, மனிதர் விடுபட்டனர். அணை எழுந்தால் அதன் முதுகே பாதையாகும். பிறகு ஓடத்தில் ஏறுவார் யார்? இதைவிடக் கொடிது ஒன்றுண்டு. அக்கரை மலையில் வெட்டிய கல்லை இக்கரை சேர்த்தவரும் அவர்களே. தங்கள் பிழைப்பை மூடப்போகும் கல்லைப் பாட்டுப் பாடிக்கொண்டே ஏற்றிவந்தார்கள்.

நான் கற்குழியில் பிறந்தவன். கல் சுமந்து கழுத்துக் குறுகியவன். எதற்கென்று அறியாமல் சுமக்கும் கல் எவ்வளவு கனக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆகவே திட்டுக்குச் சென்று, அதன் தலைவி செம்பியிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவள் மறுமொழியை அவள் பேச்சிலேயே எழுதுகிறேன். அரண்மனைத் தமிழில் எழுதினால் உறைக்காது. "ஏன்யா, எங்க குழிய எங்களையே வெட்ட விட்டுட்டு, இப்பத்தான் அளவு சொல்ல வந்தீரா? இத்தன நாளா எங்க மீன வேற ருசிச்சுத் தின்னீரே!" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. மறுநாள் ஓடங்கள் யாவும் மணலில் கவிழ்ந்து கிடந்தன; மீதிக் கல் அக்கரையிலேயே நின்றுவிட்டது.

கல் முழுதும் கடந்தபின் சொல்லியிருக்கலாம், அவசரப்பட்டுக் கெடுத்தாய் என்று அமைச்சர் மாராயர் எழுதியிருக்கிறார். கல் கடந்திருக்கும், மெய். அதன்பின் எவன் எப்போது கடப்பாரையோடு வருவான் என்று அணைக்கு ஆயுள் முழுதும் காவல் போட்டிருக்கவேண்டும், அதுவும் மெய்.

கடைமடைக்குச் சென்று, மதகு யார் கையில் இருந்தால் நிம்மதி என்று கேட்டேன். வரப்பில் நின்ற ஓர் உழத்தி, "வயலே இல்லாதவன் கையில குடுங்க சாமி. அவனுக்குத் தண்ணியத் திருட எடம் ஏது?" என்றாள். நாடு முழுதும் தேடினாலும் ஆற்றின் ஏற்ற இறக்கம் அறிந்து வயல் இல்லாதவர் ஓடக்காரரன்றி வேறில்லை. செம்பியைக் கேட்டேன். ஆம் எனவில்லை, "ராசா வாயால வரட்டும்" என்றாள். எழினியார், நிலமற்றவன் கையில் நீரா என்று சினந்தார். படைக்கு யானையும் நெல்லும் தருபவர் அவர் என்பதை மறந்து எழுதவில்லை. ஒரு பருவம் சினப்பார். வாய்க்காலில் நீர் வந்ததும் வயலுக்கு இறங்கிவிடுவார்.

இப்போது நான் அணைக்குழியின் ஓரத்தில் தனித்திருக்கிறேன். கல்தச்சர் என்னைக் கண்டால் எழுகிறார்கள், அருகே அமர்ந்தால் வேலை இருக்கிறதென்று நகர்கிறார்கள். அவர்களுள் ஒருவன் என் தாய்மாமன் மகன், அவனும் என்னை நாயகமே என்றுதான் அழைக்கிறான். கிழாரின் ஆட்களுக்கோ நான் இன்றும் கல்சுமந்தான். திட்டிலிருந்து மீன் வருவது நின்றது. குறையாகச் சொல்லவில்லை, பணியின் நிலை கேட்டருளினீர், இதுவும் அதன் நிலையே.

ஆகவே விண்ணப்பம். மதகுக் காவல் திட்டுக்குடிகளுக்கு வழிவழி உரியது என்று இலச்சினை இட்ட ஓலை அருள்க. அது என் பெயருக்கு வேண்டா. செம்பி பெயருக்கே வருக. படித்துக்காட்ட வேறொருவரை அனுப்புக. செய்தி சொன்ன வாயை அவர்கள் இனி நம்பார். அருளத் திருவுளம் இல்லையேல், வாள்முனையில் கல்லேற்றும் ஆணை வேறொரு நாயகத்துக்கு வருக; நான் செய்யேன். அதுவரை, என் முத்திரைக்கு உட்பட்ட இரு கரையிலும் ஒரு கல்லும் அசையலாகாது என்று ஆணையிட்டிருக்கிறேன்.

தேவரீர் கோல் நிமிர்ந்தே நிற்க. நெடுவாரி அணைப்பணி முத்திரை என் கையால் இடப்பட்டது. சாட்சிக் கையெழுத்து இட இரு கரையிலும் ஒருவரும் முன்வராமையால், அவ்விடம் வெறுமையாக விடப்பட்டது.