இருபத்தைந்து மீட்டருக்கு அந்தப் பக்கம்

மார்ச் 4

அன்புள்ள டீச்சருக்கு,

கையெழுத்தைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்திருக்கும். கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்ததற்கு நன்றி. ஒரே ஊரில், நான்கு தெரு தள்ளி இருந்துகொண்டு, பிரிந்து ஒன்பது வருடம் கழித்து, கட்டின மனைவிக்குத் தபால் போடுகிற ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

விஷயம் இதுதான். நான் நீச்சல் கற்றுக்கொண்டேன். சிரிக்காதே. லிஃப்ட் குழிக்குள் குனிந்து குனிந்து இடுப்பு போய்விட்டது. டாக்டர்தான் தண்ணீரில் இறங்கச் சொன்னார். எட்டு மாதமாகக் காலை ஆறு மணிக்கு நீச்சல்குளத்தில் இருக்கிறேன். அடுத்த மாதம் இருபதாம் தேதி போட்டி. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இருபத்தைந்து மீட்டர். ஐம்பத்தாறு வயதில் முதன்முதலாகப் பேர் கொடுத்திருக்கிறேன்.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. யோசித்துப் பார்த்தால் உன்னைத் தவிர எனக்கு ஆள் இல்லை.

உன்
மெக்கானிக்

மார்ச் 9

மெக்கானிக் அவர்களுக்கு,

சிரிக்காதே என்றால் எப்படி? மூன்று குவளைத் தண்ணீரில் குளியலை முடித்துக்கொள்கிற மனிதர் நீங்கள். பள்ளியில் உங்கள் கடிதத்தைப் பிரித்தபோது பக்கத்து நாற்காலி டீச்சர், "யாருங்க லெட்டர் போட்டிருக்காங்க?" என்று கேட்டாள். "எங்க வீட்டுக்காரர். குளத்துல குதிக்கப் போறாராம்" என்றேன். பாவம், அவள் பதறிப்போய்விட்டாள். வீட்டுக்காரர் என்று வாயில் தானாக வந்துவிட்டது. பழக்கம்.

உங்கள் இடது காது எப்போதும் தொல்லை கொடுக்கும். அடைப்பு வைக்காமல் தண்ணீரில் இறங்காதீர்கள்.

மே மாதத்தோடு எனக்குப் பணி ஓய்வு. தங்கை தன் ஊருக்கே வந்துவிடச் சொல்கிறாள். இன்னும் பதில் எழுதவில்லை.

டீச்சர்

மார்ச் 30

அன்புள்ள டீச்சருக்கு,

காதுக்கு அடைப்பு வாங்கிவிட்டேன். நீச்சல் வந்துவிட்டது, குதிப்பதுதான் வரவில்லை. மேடையில் வரிசையாக நிற்போம். பயிற்சி கொடுக்கும் பெண், "ரெடி... போங்க!" என்பாள். மற்ற ஐந்து பேரும் தண்ணீரில் இருப்பார்கள், நான் மட்டும் நின்றுகொண்டிருப்பேன். "என்ன சார், பஸ்ஸுக்கா நிக்கறீங்க?" என்று கேட்டாள். ஒரு வாரம் இதே கூத்து. அப்புறம்தான் எனக்கே புரிந்தது. அந்தப் 'போங்க', நீ என்னிடம் கடைசியாகச் சொன்ன வார்த்தை.

அன்று ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைக் கூட்டிவர வருகிறேன் என்றவன், லிஃப்டில் நான்கு பேர் மாட்டிக்கொண்டார்கள் என்று அங்கே ஓடிவிட்டேன். நீ வயிற்றுத் தையலோடு தனியாக டாக்ஸியில் வந்து இறங்கினாய். நான் உள்ளே நுழைந்ததும், "அந்த லிஃப்ட் கூடவே குடும்பம் நடத்துங்க. போங்க" என்றாய். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். நீ கூப்பிடுவாய் என்று ஒர்க்‌ஷாப் மாடி அறையில் காத்திருந்தேன். இன்றுவரை அங்கேதான் இருக்கிறேன்.

நேற்று அந்தப் பெண் குளத்தின் அந்த முனைக்குப் போய் நின்றுகொண்டு, "வாங்க சார், வாங்க!" என்று கத்தினாள். எப்படிக் குதித்தேன் என்று தெரியாது. சுவரைத் தொட்டபோது அழுகை வந்துவிட்டது.

போட்டியன்று விசில்தான் ஊதுவார்களாம். ஆனாலும் நீ அந்த முனையில் வந்து நிற்பாயா? வாங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். முடிந்ததும் சேர்ந்தே வீட்டுக்குப் போகலாம். அதுவரை தங்கைக்குப் பதில் எழுதாதே.

உன்
மெக்கானிக்

ஏப்ரல் 12

உங்களுக்கு,

இதை நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

கோபத்தில் போங்க என்றால் போகச் சொல்வதா? வகுப்பில் ஒரு நாளைக்கு மூன்று பேரையாவது 'வெளியே போ' என்கிறேன். கதவுக்கு வெளியே போய் நிற்பார்கள். இத்தனை வருடத்தில் ஒரு பிள்ளையாவது வீட்டுக்குப் போயிருக்கிறதா? நீங்களும் வாசல் வரைக்கும் போயிருந்தால் போதும். அவ்வளவுதான் நான் சொன்னது.

நீங்கள் போனபின் எட்டு நாள் கதவைத் தாழ் போடவில்லை. தையல் இழுக்க இழுக்க எழுந்து வந்து பார்ப்பேன். ஒரு வருடம் இரண்டு பேருக்குச் சமைத்தேன். சொந்த வீட்டுக்கு வர உங்களுக்கு எதற்கு அழைப்பு?

நீங்களும் காத்திருந்தீர்கள் என்று இப்போதுதான் தெரிகிறது. இரண்டு பேரையும் நினைத்து நன்றாக அழுதேன். அழுது முடித்தபின் உங்களைத் திட்டலாம் என்று பேனாவை எடுத்தால் ஒரு வார்த்தைகூட வரவில்லை.

தங்கைக்கு வருகிறேன் என்று எழுதிவிட்டேன். உங்கள் ஸ்பானர் பெட்டியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிறேன், வாங்கிக்கொள்ளுங்கள்.

இருபதாம் தேதி நான் வரமாட்டேன். விசில் கேட்டதும் குதித்துவிடுங்கள், யாரையும் எதிர்பார்த்து நிற்காதீர்கள். நான் கோபத்தில் வரவில்லை என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். கோபம் மிச்சம் இருந்திருந்தால் வந்திருப்பேன்.

டீச்சர்